தண்டியடிகளின் கயிறும் போடி மலைச் சரிவும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் இப்போது வியாபாரிகள் முன்னால் கணினி இருக்கிறது. முன்பு மாதிரி குரல் கொடுத்து விலை கேட்பதில்லை, பொத்தானை அமுக்கினால் போதும். ஆனால் கணினி வந்த பிறகும் மாதிரிக் காய் வைக்கும் வழக்கம் போகவில்லை. வியாபாரி அதைக் கண்ணால் பார்ப்பார். அதோடு நிற்க மாட்டார். உள்ளங்கையில் கொட்டிக் குலுக்குவார், கனம் பார்ப்பார், ரெண்டு விரலால் அமுக்குவார், ஓட்டைப் பிரித்து முகர்வார், ஒரு அரியை வாயில் போட்டுப் பார்ப்பார். பருமனுக்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்ற 'லிட்டர் எடை' கணக்கும் உண்டு. இருந்தாலும் ஐந்து புலனும் சாட்சி சொன்ன பிறகுதான் கை பொத்தானுக்குப் போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளாக 'சென்ஸரி கார்டன்' என்ற விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்புலன் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், முட்டி வலியால் குனிய முடியாத பாட்டி, கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத ஆட்டிசக் குழந்தை, இவர்கள் எல்லாரும் யார் தயவும் இல்லாமல் உள்ளே வந்து, செடியைத் தொட்டு, முகர்ந்து, கேட்டு, சுவைத்து, பார்த்துவிட்டுப் போகக்கூடிய தோட்டம். படிக்கப் படிக்க எனக்கு போடிதான் நினைவுக்கு வந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

கண்ணுக்கு நாலாவது இடம்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வைத்து ஆறாகப் பிரிப்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஓரறிவு முதல் ஆறறிவு வரை. அந்த வரிசையைத்தான் நாம் கவனிப்பதில்லை. முதல் அறிவு தொடுதல். ரெண்டாவது நாக்கு, மூணாவது மூக்கு. கண் நாலாவதாகத்தான் வருகிறது. பிறகு காது, கடைசியில் மனம். புல்லும் மரமும் ஓரறிவு உயிர், அவற்றுக்குத் தெரிந்தது தொடுதல் ஒன்றுதான் என்பது அந்த வகைப்பாடு.

'நம்மாளுங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க' என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு நம் ஊர்ப் பூங்காக்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். புல்தரையைச் சுற்றிக் கம்பி வேலி, 'பூக்களைத் தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. செடியோடு நமக்கு இருக்கும் முதல் உறவையே தடை செய்துவிட்டு, நாலாவதை மட்டும் அனுமதிக்கிறோம். அந்த நாலாவது இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை?

திருவாரூரில் ரெண்டு கதை

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் தண்டியடிகள் என்று ஒரு நாயன்மார் வருகிறார். திருவாரூர்க்காரர், பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயில் குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்து, அதைத் தானே தோண்டிப் பெருக்க முடிவு செய்கிறார். எப்படிச் செய்தார் என்பதுதான் விஷயம். குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார், கரையில் ஒரு கம்பு நட்டார், ரெண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கீழே மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார், கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு ஏறிக் கொட்டுவார், திரும்பக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். பிடிக்காதவர்கள் ஏளனம் செய்தார்கள். கடைசியில் மண்வெட்டியையும் கம்பையும் கயிற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு இறையருளால் அவருக்குக் கண் கிடைக்கிறது. கதை அப்படி முடிகிறது.

பக்தர்களுக்கு அந்தக் கண் கிடைத்த இடம் முக்கியம். எனக்கு அதற்கு முன்னால் வருகிற கயிறு முக்கியமாகப் படுகிறது. ரெண்டு கம்பும் ஒரு கயிறும் இருந்த வரைக்கும் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் வேலை செய்தார். கயிறு போனதும்தான் முடங்கினார். கண் தெரியாதது அவர் வேலையை நிறுத்தவில்லை, கயிற்றைப் பிடுங்கியது நிறுத்தியது. உடற்குறையை விட, சுற்றியுள்ள ஏற்பாடு இல்லாததுதான் ஒருவரை முடக்குகிறது என்று இன்றைய மாற்றுத்திறனாளி இயக்கங்கள் சொல்கின்றன இல்லையா? அந்தக் கதைக்குள் அது அப்படியே இருக்கிறது.

அதே பெரியபுராணத்தில், அதே திருவாரூரில், நேர் எதிரான இன்னொரு கதையும் உண்டு. கழற்சிங்கர் என்ற அரசரின் தேவி, பூ மண்டபத்தின் பக்கம் கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்துவிடுகிறார். சாமிக்கு உரிய பூவை முகரலாமா என்று செருத்துணையார் அவர் மூக்கை அறுக்கிறார். பூவை எடுத்த கையையும் வெட்ட வேண்டும் என்று அரசர் கையை வெட்டுகிறார். நந்தவனத்தின் மணம் யாருக்கு என்பதில் நம் மரபு எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு இது சாட்சி. 'எல்லாருக்குமான தோட்டம் பண்டைக் காலத்திலேயே இருந்தது' என்று யாராவது எழுதினால் இந்தக் கதையையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

போரும் தோட்டமும்

ஐம்புலன் தோட்டம் என்ற நவீன எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் விளைவு. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1915-இல் லண்டனில் 'செயின்ட் டன்ஸ்டன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியவர் ஆர்தர் பியர்சன். பத்திரிகை முதலாளி, அவரே கண் பார்வையை இழந்தவர். கூடை முடைவது, தச்சு வேலை, கோழி வளர்ப்பு என்று கையை நம்பிச் செய்யும் தொழில்களை அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பார்வை போனவர்களுக்கு இரக்கம் காட்டினால் போதாது, பயிற்சியும் ஏற்பாடும் வேண்டும் என்ற நினைப்பு இங்கிருந்து பரவியது.

1955-இல் நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 'நறுமணத் தோட்டம்' திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆலிஸ் ரெக்நேகல் ஐரிஸ் என்ற பெண்மணி. பார்வையற்றோரை மனதில் வைத்து அமெரிக்காவில் உருவான முதல் தோட்டம் இது என்பார்கள். பாத்திகளைக் கல் சுவர் கட்டி உயர்த்தினார், செடிகளின் பெயரை பிரெய்லில் எழுதி வைத்தார். குனியத் தேவையில்லை, நின்றபடியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியோ இலையைக் கசக்கி முகரலாம்.

பிறகு ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் 1965-இல் ஒரு தரை ஓடு கண்டுபிடித்தார். மேலே குமிழும் கோடுமாக எழும்பியிருக்கும். முதன்முதலாக 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பதித்தார்கள். நம் ரயில் நிலையங்களிலும் மெட்ரோவிலும் மஞ்சளாக ஓடுகிறதே, அதுதான். கால் தடவிப் போகிற கயிறு என்று சொல்லலாம்.

நடுவில் ஒரு நல்ல சண்டையும் வந்தது. 'குருடருக்கு' என்று தனித் தோட்டம் கட்டி, அங்கே பஸ் வைத்துக் கூட்டிப் போய்க் காட்டுவது என்ன மரியாதை என்று பார்வையற்றவர்களே கேட்டார்கள். எங்களுக்குத் தனி மூலை வேண்டாம், எல்லாரும் போகும் தோட்டத்துக்கே நாங்களும் வருகிற மாதிரி செய்யுங்கள் என்றார்கள். அந்தப் பேச்சில்தான் 'எல்லாருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தும் வளர்ந்தது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் அந்தச் சொல்லைப் பரப்பினார். அதன் ஏழு கொள்கைகளை 1997-இல் வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

நம் பக்கம்

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தில் தொட்டும் முகர்ந்தும் அறியும் ஒரு பகுதி இருக்கிறது. சென்னை சாந்தோமில் சிறப்புக் குழந்தைகளுக்காக மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்தது. மெரினாவில் கடல் வரை சக்கர நாற்காலி போக 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அலையில் கால் நனைத்தவர்களின் படங்கள் அப்போது நிறைய வந்தன. ரெண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரை கடந்தபோது பாதை சேதமானது. பிறகு சரி செய்தார்கள். உள்ளூர் காற்றையும் மழையையும் கேட்காமல் கட்டினால் நிற்காது என்பதை அது காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் மட்டும் 11.8 லட்சம். 2016-இல் வந்த உரிமைச் சட்டம், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்றச் சொன்னது. பொழுதுபோக்கும் உரிமைதான் என்றது. விதிகள் 2017-இல் வந்தன, கெடு 2022-இல் முடிந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மலைக்கு யார் போகலாம்?

இப்போது போடிக்கு வருவோம். இந்த மலைச் சரிவின் வரலாறே ஒரு வகையில் 'ஏறுவது எப்படி' என்ற கேள்வியின் வரலாறுதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி வந்தது. 1908-இல் அது குறுகிய ரயில் பாதையானது, 1924 வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கயிற்றில் தொங்கி இறங்கின. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்றுபோய், 2023 ஜூனில் திரும்ப வந்தது. தேயிலைக்குக் கயிறு இருந்தது. மனுஷர்கள் நடந்துதான் ஏறினார்கள்.

இன்று போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். மேலே போனால் 'வியூ பாயிண்ட்'. வண்டியை நிறுத்து, எட்டிப் பார், செல்ஃபி எடு, கிளம்பு. மலையை முழுக்கக் கண்ணுக்கு மட்டும் விற்கிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு உலகமெங்கும் சொல்லும் விகிதம் 1-க்கு 12. ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும். மூணு மீட்டர் ஏற 36 மீட்டர், இடையிடையே நின்று மூச்சு வாங்கச் சமதளம். 'மலைச் சரிவில் இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று கேட்பார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் வேறென்ன? செங்குத்தாக ஏற முடியாத லாரிக்காக நீட்டி மடித்துப் போட்ட சாய்தளம்தானே! லாரிக்கு 17 தடவை மடித்தவர்களுக்கு, நாற்காலிக்கு நாலு தடவை மடிப்பது பெரிய காரியம் இல்லை.

தரையில் பூக்கும் செடி

ஏலச்செடிக்கு ஒரு விசேஷம். இலைத் தண்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் போகும், ஆனால் பூவும் காயும் தூரில், தரையோடு வரும் சரத்தில்தான் இருக்கும். மலபார் ரகத்தில் சரம் தரையில் படரும், மைசூர் ரகத்தில் நிமிர்ந்து நிற்கும், வழுக்கை ரகத்தில் ரெண்டுக்கும் நடுவே சாய்ந்திருக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். காய் எடுக்கும் பெண்கள் தூருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தழையை விலக்கி, பூ உதிராமல், பிஞ்சு முறியாமல், விளைந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். தழை இருட்டில் பாதி வேலையை விரல்தான் பார்க்கும். விடிவதற்கு முன்னால் போடி, தேனி, உத்தமபாளையம் பக்கமிருந்து ஜீப்பில் அடைத்துக்கொண்டு ஏறுகிற பெண்களின் கையில் இருப்பது இந்தப் படிப்பு. கீழே போடிக் கிடங்குகளில் காயைத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைதான். ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்து ஒரு கிலோவாக வரும்போது மணம், கனம், குலுக்கினால் வரும் சத்தம் எல்லாம் மாறும். ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தகவல்.

மலபார் ரகத்தை 60, 70 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் வைத்தால் என்ன ஆகும்? தரையில் படர வேண்டிய சரம் சுவரைத் தாண்டித் தொங்கும். சக்கர நாற்காலியில் வருபவரின் மடிக்கே பூ வந்துவிடும். காலையில் வந்தால் பூவுக்கு வரும் தேனீயின் ரீங்காரத்தையும் பக்கத்தில் கேட்கலாம்.

கீழே ஒன்று, மேலே ஒன்று

போடி ஊருக்குள் ஏலம் வளராது. மழை மறைவுப் பகுதி, வெயில் காய்ச்சும். அதனால் தோட்டம் ரெண்டாகத்தான் இருக்க முடியும். மேலே, ஏலம் வளரும் உயரத்தில் ஒன்று. கீழே, ஊர்ச் செடிகளோடு ஒன்று.

கீழ்த் தோட்டத்தில் முதல் மரம் இலவம். போடி இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊர். இளம் தண்டில் முள், நெற்றுக்குள் பஞ்சு, நடுவே வழுக்கும் விதை. ஒரே மரத்தில் கைக்கு மூணு பாடம். 'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும் பழுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்து ஏமாந்த கிளி. அது கண்ணை மட்டும் நம்பியது.

ஆடிக் காலத்தில் மேல்காற்று மலையிலிருந்து இறங்கி ஊர் மேல் அடிக்கும். மணச் செடிகளை மேற்கு ஓரத்தில் வைத்தால் காற்றே மணத்தைக் கொண்டுவரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, மூக்கு குழம்பிவிடும். மரிக்கொழுந்து ஒரு இடம், கொஞ்சம் தள்ளி வெட்டிவேர், அதற்குப் பிறகு எலுமிச்சைப் புல். இப்படி இடைவெளி விட்டால் மணமே வழி சொல்லும். சத்தத்துக்கு வாகை. காய்ந்த நெற்று காற்றில் கலகலக்கும். தண்ணீர் விழும் ஓசை ஒரே இடத்தில் இருந்தால் திசை தெரியும். தொடுவதற்குக் கற்பூரவள்ளி, தொட்டாற்சிணுங்கி. சுவைக்குத் துளசி, கறிவேப்பிலை.

ரெண்டு எச்சரிக்கை. நம் சாலை நடுவிலும் பூங்காவிலும் அழகுக்காக வைக்கும் அரளி விஷம். தொட்டுச் சுவைக்கும் தோட்டத்தில் அதற்கு இடமில்லை. அடுத்து, பூச்சிமருந்து அதிகம் அடிக்கும் பயிர்களில் ஏலமும் ஒன்று. வியாபாரத் தோட்டத்துக்குள் கூட்டிப் போய் 'தொட்டுப் பாருங்க, கடிச்சுப் பாருங்க' என்று சொல்ல முடியாது. இந்தச் செடிகளுக்கு மருந்தே அடிக்கக் கூடாது. செலவு கூடும், காய் குறையும், பரவாயில்லை. இங்கே காய் விற்பனைக்கு இல்லை.

மீதி எல்லாம் எளிமையானவைதான். ரெண்டு நாற்காலி எதிரெதிரே போகிற அகலத்தில் பாதை. ஊன்றுகோல் தட்டிப் போகப் பாதையோரம் விடாமல் ஓடும் ஒரு விளிம்பு. இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பி, அதிலேயே பிரெய்ல் எழுத்து. கண் தெரியாதவர்களில் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு, அவர்களுக்குப் பெரிய எழுத்தும் அடர்ந்த நிற வேறுபாடும். கூட்டம் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு நிழலான ஒரு மூலை. மழையில் மரப்பலகை உளுத்துப் போகும், உள்ளூர்க் கல் நிற்கும்.

எல்லாருக்கும் பிரெய்ல் தெரியாது. பலகையை விட ஆள் நல்லது. அந்த ஆள் யார் என்பதில்தான் போடி ஏன் நினைவுக்கு வந்தது என்பதற்கான பதில் இருக்கிறது. முப்பது, நாற்பது வருஷம் காய் எடுத்து, முட்டியும் இடுப்பும் போய், இனி ஜீப்பில் ஏற முடியாமல் வீட்டோடு இருக்கும் அம்மாக்கள் இந்த ஊர்த் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களை மாற்றுத்திறனாளிகள் என்று எந்தப் பட்டியலும் சேர்ப்பதில்லை. ஆனால் மலை அவர்களுக்கும் மூடிவிட்டது. எந்தக் காய் விளைந்தது, எது பிஞ்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல் அவர்களிடம் இருக்கிறது. அந்த விரல் ஒரு பார்வையற்ற பிள்ளையின் விரலைப் பிடித்து 'இந்தா, இதுதான் விளைஞ்ச காய், இப்படித் திரும்பினா பிஞ்சு, விட்டுடு' என்று காட்டுவதை எந்தத் தாவரவியல் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. அதை அவர்கள் ஊதியத்தோடு செய்ய வேண்டும். தோட்டத்தைத் திட்டமிடும்போதே அவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

இதை ஒரே நாளில் கோடிக் கணக்கில் கட்ட வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு பூங்காவில் வாசல் படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போடலாம். ஒரு கைப்பிடிக் கம்பி, ரெண்டு உயர்ந்த பாத்தி, அதில் மரிக்கொழுந்தும் கற்பூரவள்ளியும். 'தொடாதீர்கள்' பலகையைக் கழற்றிவிட்டு 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதி வைக்கலாம். தண்டியடிகள் ஆரம்பித்தது ரெண்டு கம்பும் ஒரு கயிறும் வைத்துத்தான்.